உப்பிய கார்பைடு டிரம்மை என்ன செய்வது?

கேள்வி: ஐயா, தூத்துக்குடியில் ஒரு தனியார் குடோனில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். வெல்டிங் கேஸ் தயாரிக்கும் கம்பெனிக்காகக் கால்சியம் கார்பைடு டிரம்கள் கன்டெய்னரில் வந்து எங்களிடம் இறங்கி, லாரியில் கோவைப் பக்கம் போகின்றன. கூரை ஒழுகவில்லை, ஆனாலும் போன வாரம் பெய்த மழைக்குப் பிறகு ஒரு டிரம்மின் மூடி உப்பியிருக்கிறது. பக்கத்தில் போனால் பூண்டு வாடை. "மூடியைக் கொஞ்சம் நெகிழ்த்திக் காற்றை விட்டுட்டு ஏத்திரலாம்" என்கிறார் லோடுமேன் மேஸ்திரி. "வெளியே தள்ளித் தார்ப்பாய் போட்டு வை" என்கிறார் முதலாளி. கொச்சிப் பக்கம் கப்பல் மூழ்கியபோது இதே சரக்கு கடலுக்குள்ளேயே போனது, ஊரா அழிந்தது, ஒரு டிரம்முக்கு இப்படிப் பயப்படுகிறாயே என்றும் கேட்கிறார்கள். அடுத்த மாதம் சோடியம் டிரம்களும் வரப்போகின்றன. மழை நேரத்தில் இறக்க மாட்டோம் என்று நான் சொல்லலாமா?

பதில்: அன்புள்ள தம்பிக்கு,

அந்த டிரம்மை யாரும் திறக்கக் கூடாது. உருட்டக் கூடாது, தூக்கக் கூடாது, மேலே தார்ப்பாயும் போடக் கூடாது. உங்கள் கடிதம் கிடைத்த அன்றே இதை மட்டும் தனியாக எழுதி அனுப்பிவிட்டேன். இதே சரக்கைக் கையாளும் வேறு பலரும் படிப்பார்கள் என்பதால் இங்கே விரிவாகச் சொல்கிறேன்.

மேஸ்திரி சொன்னதும் முதலாளி சொன்னதும் ஆளைக் கொல்லக்கூடிய யோசனைகள். இருவரும் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, உள்ளே இருப்பது காற்று என்று நினைத்துச் சொல்கிறார்கள். உள்ளே இருப்பது அசிட்டிலின். கார்பைடு கல்லில் தண்ணீர் பட்டால் வரும் அதே வெல்டிங் கேஸ். பூண்டு வாடை அசிட்டிலினுடைய வாடை இல்லை. கல்லில் கலந்திருக்கும் பாஸ்பரஸ் அசுத்தத்திலிருந்து வரும் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவின் வாடை அது. அது உங்கள் மூக்குக்கு எட்டுகிறது என்றால் டிரம்மில் எங்கோ ஓட்டை விழுந்து கேஸ் வெளியே வந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அதனால் மோந்து பார்த்து உறுதி செய்கிறேன் என்று யாரும் குனிய வேண்டாம்.

அந்த குடோனில் மற்ற எல்லா வேலையையும் நிறுத்துங்கள், ஆட்களை வெளியே அனுப்புங்கள். கதவு திறந்திருந்தால் திறந்தபடியே இருக்கட்டும். விளக்குச் சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போகக் கூடாது. செல்போனை வெளியே வைத்துவிட்டு, வெளியே நின்றே பேசுங்கள். முதல் போன் சரக்குத் தாளில் இருக்கும் அவசர எண்ணுக்கு, அடுத்தது 112-க்கு. தீயணைப்பு நிலையத்தில் போனை எடுத்ததும் பெயர் ஊர் சொல்வதற்கு முன்பாகவே, "கால்சியம் கார்பைடு, யூஎன் 1402, தண்ணீர் அடிக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். யூஎன் 1402 என்பது இந்தச் சரக்குக்கு உலகம் முழுவதும் உள்ள அடையாள எண். உப்பிய டிரம்மின் அழுத்தத்தை இறக்குவது, கேஸ் மீட்டரும் தீப்பொறி எழாத கருவிகளும் வைத்திருக்கும், சரக்கைத் தயாரித்த கம்பெனியின் பயிற்சி பெற்ற ஆட்களுடைய வேலை. அவர்கள் வர ஒரு நாளோ இரண்டு நாளோ ஆனாலும் ஆகட்டும்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று முதலாளி கேட்டால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். ஒரு கிலோ கல் முழுதும் கரைந்தால் ஏறக்குறைய 300 லிட்டர் அசிட்டிலின் வரும். ஒரு டீ கிளாஸ் தண்ணீர், அதாவது 100 மில்லி, உள்ளே இறங்கினால் போதும், 70 லிட்டர் வரை கேஸ் கிளம்பும். ஏற்கெனவே கல் நிறைந்திருக்கும் டிரம்முக்குள் அவ்வளவு கேஸுக்கு ஏது இடம்? தன்னைத் தானே அமுக்கிக்கொண்டு மூடியைத் தள்ளுகிறது. மற்றப் பெரும்பாலான கேஸ்களிடம் இல்லாத ஒரு குணமும் இதற்கு உண்டு. சாதாரண அழுத்தத்துக்கு மேல் இன்னொரு மடங்கு ஏறிவிட்டால், காற்றே இல்லாமல்கூடத் தானாகச் சிதைந்து வெடிக்கும். வெல்டிங் கடைக்கு வரும் அசிட்டிலின் சிலிண்டருக்குள் நுண்துளை நிறைந்த ஒரு பொருளை அடைத்து, அசிட்டோனை ஊற்றி, அதில் கேஸைக் கரைத்துத்தான் அனுப்புகிறார்கள். உங்கள் டிரம்முக்குள் அந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. காற்றில் நூற்றுக்கு இரண்டரை பங்கு கலந்தாலே அது பற்றும். நைலான் சட்டையில் தெறிக்கும் பொறியே அதற்குப் போதும்.

இன்னொன்றையும் நன்றாக மனதில் வையுங்கள். நிறையத் தண்ணீரைவிடக் கொஞ்சம் தண்ணீர்தான் இந்தச் சரக்குக்கு எமன். கல்லும் தண்ணீரும் சேரும்போது கடுமையான சூடு கிளம்புகிறது. தண்ணீர் நிறைய இருந்தால் அந்தச் சூட்டை அதுவே உள்வாங்கிக்கொள்ளும். சொட்டுச் சொட்டாக இறங்கினால் சூடு போக வழியில்லாமல் அந்த இடத்திலேயே கல் கனன்று, தான் உண்டாக்கிய கேஸைத் தானே பற்றவைக்கக்கூடும்.

கொச்சிக் கப்பல் விஷயத்துக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 2025 மே 25 அன்று கேரளக் கரைக்கு அப்பால் மூழ்கிய எம்எஸ்சி எல்சா 3 கப்பலில் 640 கன்டெய்னர்கள் இருந்தன, அவற்றில் 12-இல் கால்சியம் கார்பைடு. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் மணிகள் நம் கன்னியாகுமரிக் கரைவரை வந்து ஒதுங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். திறந்த கடலில் கல் கரைந்தால் கேஸ் குமிழ் குமிழாக மேலே வந்து காற்றில் கலைந்துவிடும். அடைத்துவைக்க அங்கே சுவர் இல்லை, பற்றவைக்க விளக்கு இல்லை. ஆனால் கரை ஒதுங்கிய கன்டெய்னர்களிடமிருந்து 200 மீட்டர் தள்ளி நில்லுங்கள், தொடாதீர்கள், 112-ஐ அழையுங்கள் என்று கேரளப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மக்களை எச்சரித்தது. பாதி நனைந்து மூடிக் கிடக்கும் இரும்புப் பெட்டிக்குள் என்ன சேர்ந்திருக்கிறது என்று வெளியே நிற்பவருக்குத் தெரியாது. உங்கள் குடோனில் உப்பி நிற்கும் டிரம்மும் அப்படி ஒரு பெட்டிதான். கடலில் போன சரக்கைக் காட்டி இதைச் சின்ன விஷயம் ஆக்க முடியாது.

தண்ணீர் எப்படி உள்ளே போயிருக்கும்? கூரை ஒழுகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒழுக வேண்டியதில்லை. பகல் வெயிலில் கன்டெய்னர் தகரம் கொதிக்கும். அப்போது மரப் பேலட்டில் ஊறியிருக்கும் ஈரம் ஆவியாகும். ராத்திரி மழை விழுந்து கூரை குளிர்ந்ததும் அந்த ஆவி உட்கூரையில் முத்து முத்தாகக் கோத்துச் சொட்டும். சொட்டிய தண்ணீர் டிரம் மூடியின் விளிம்புக்குள் வட்டமாகத் தேங்கி நிற்கும். உங்கள் ஊர் உப்புக் காற்றில் அந்த விளிம்புதான் முதலில் துருப்பிடிக்கும் இடம். ஊசி முனை அளவு ஓட்டை போதும். வெயிலில் சூடான டிரம் மாலையில் குளிரும்போது வெளியிலிருந்து உறிஞ்சும். தேங்கிய தண்ணீரை அதுவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஈரத்தை உறிஞ்சட்டும் என்று கன்டெய்னரில் தொங்கவிடுகிற கால்சியம் குளோரைடு பைகளும் நிறைந்துவிட்டால் உப்புநீராகக் கசியும். அவை டிரம்முக்கு நேர் மேலே தொங்கக் கூடாது.

ஆகவே இனி கன்டெய்னர் வந்தால் இரண்டு கதவையும் ஒரே மூச்சில் விரியத் திறக்காதீர்கள். கேஸ் மீட்டரின் குழாயைக் கதவு இடுக்கில் விட்டு முதலில் அளவு பாருங்கள். பிறகு பக்கவாட்டில் நின்று ஒரு கதவை மட்டும் திறந்து காற்றோட்டம் விடுங்கள். மறுபடி அளந்து, சரியாக இருந்தால் மட்டும் ஆள் உள்ளே போகலாம். அசிட்டிலின் காற்றைவிடக் கொஞ்சம்தான் இலேசு. சட்டென்று மேலே பறந்து போய்விடாது, கலந்து நிற்கும். மீட்டர் இல்லாத குடோனுக்கு இந்தச் சரக்கு வரவே கூடாது என்பது என் கருத்து.

குடோன் தரையையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. அன்றைக்கு உங்கள் குடோன் சுவரில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பழைய ஆட்களைக் கேளுங்கள். அந்தக் கோட்டுக்கு மேலே டிரம்மின் அடி இருக்க வேண்டும். அவ்வளவு உயரத்துக்கு மேடை கட்ட முடியாதென்றால் ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் இந்தச் சரக்கை அங்கே தேக்கி வைக்காதீர்கள். தண்ணீர்க் குழாய், ஏசி தண்ணீர் வடியும் குழாய் எதுவும் மேலே ஓடக் கூடாது. அமிலம் பக்கத்திலேயே இருக்கக் கூடாது. 1987-ஆம் ஆண்டுக் கால்சியம் கார்பைடு விதிகளின்படி உங்கள் குடோனுக்கு உரிமம் இருக்கிறதா, எவ்வளவுக்கு இருக்கிறது என்பதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். மேற்பார்வையாளர் கேட்கக் கூடாத கேள்வி இல்லை அது.

வாசலில் சிவப்பு வாளிகளில் மணல் தொங்கும். அதில் ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துவிட்டு விரலை விரியுங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் நல்ல மணல். கொழுக்கட்டை மாதிரி பிடித்த பிடியில் நின்றால் அது ஈர மணல். கார்பைடு தீயில் அதைக் கொட்டுவதும் தண்ணீர் ஊற்றுவதும் ஒன்றுதான். நான் ஆய்வுக்குப் போகும் இடங்களில் பத்து வாளியில் எட்டு வாளி கொழுக்கட்டைதான் பிடிக்கும். சாரலில் நனைந்திருக்கும், வெற்றிலை எச்சில்கூடக் கிடக்கும். மணலை வறுத்தோ வெயிலில் காயவைத்தோ, இறுக மூடிய பிளாஸ்டிக் டிரம்மில் குடோனுக்கு உள்ளே வையுங்கள். உலர்ந்த ரசாயனப் பொடித் தீயணைப்பான், சோடா ஆஷ் என்ற உலர்ந்த சோடியம் கார்பனேட் பொடி இவையும் இருக்கலாம். நுரை அடிக்கிற தீயணைப்பானை அந்தப் பக்கமே வைக்காதீர்கள். நுரையில் பெரும்பங்கு தண்ணீர்தான்.

இப்போது நான் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பட்டறையில், உங்கள் மேஸ்திரி சொன்ன மாதிரியேதான், லேசாக உப்பிய டிரம்மின் மூடியில் உளியை வைத்து ஒரு அடி. நான் இருபதடி தள்ளி நோட்டில் எண்ணிக்கை எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் குக்கர் சீறுவதுபோல ஒரு சத்தம். அடுத்த நொடி மூடி கூரைத் தகரத்தில் போய் மோதியது. தீ ஒரு முறை எழுந்து அடங்கிவிட்டது. அடித்தவர் முகமெல்லாம் வெள்ளைப் பொடியோடு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஓடிப் போய் ஒரு குடம் தண்ணீரைத் தூக்கினேன். சுவரில் பெரிய எழுத்தில் "தண்ணீர் படக் கூடாது" என்று பலகை. அதைப் பார்த்துவிட்டுக் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். ஒரு பெரியவர் வந்து, "ஏன்யா பார்த்துக்கிட்டு நிக்கிறே?" என்று சத்தம் போட்ட பிறகுதான் அவர் கண்ணைக் கழுவினோம். நடுவில் போனது இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். வலது கண்ணில் அவருக்குப் பார்வை முழுதாகத் திரும்பவில்லை.

அதனால் உங்கள் ஆட்களுக்கு முதல் பாடமாக இதைச் சொல்லிக்கொடுங்கள். தண்ணீர் ஆகாது என்பது சரக்குக்குத்தான், மனிதனுக்கு இல்லை. உடம்பில் தூள் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் வேகமாகத் தட்டிவிட்டு, உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். கண்ணில் விழுந்தால் யோசிக்கவே வேண்டாம், இமையை விரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்க வேண்டும், ஆஸ்பத்திரி போகும்வரை. வியர்வையிலும் கண்ணீரிலும் பட்ட தூள் சுண்ணாம்பாகி வெந்துகொண்டே இருக்கும். கண் கழுவும் குழாய் டிரம் அடுக்கிய அறைக்கு வெளியே, பத்து நொடியில் ஓடிப் போகும் தூரத்தில் இருக்கட்டும்.

லாரி விஷயம். மூடிய பாடி உள்ள வண்டியில்தான் ஏற்றுங்கள். தார்ப்பாய் என்னதான் புதிதாக இருந்தாலும் டிரம்களுக்கு நடுவில் குழி விழுந்து தண்ணீர் தேங்கும், கயிறு உரசும் இடத்தில் கிழியும். ஏற்றும் முன் வண்டித் தரையை நீங்களே ஏறிப் பாருங்கள். முந்தைய லோடுக்குப் பிறகு கழுவிவிட்டு ஈரத்தோடு கொண்டுவந்து நிறுத்துவது வழக்கம். டிரைவர் லைசென்ஸில் அபாயச் சரக்குக்கான பயிற்சிப் பதிவு இருக்க வேண்டும். விபத்து நேர்ந்தால் என்ன செய்வது என்று சொல்லும் ட்ரெம் கார்டு அவர் கையில் இருக்க வேண்டும், அதை அவர் படித்திருக்க வேண்டும். வண்டியில் ஒட்டும் அவசரத் தகவல் பலகையில் யூஎன் எண்ணும் நீல நிறச் சின்னமும் இருக்கும். அதோடு ஹாஸ்கெம் குறியீடு என்று ஒன்று, 4 என்று தொடங்கும். உலர்ந்த பொருளால்தான் அணைக்க வேண்டும் என்று தீயணைப்பு வீரருக்குச் சொல்வது அந்த 4 தான். மதுரை தாண்டி எங்கோ நடுராத்திரியில் வண்டி கவிழ்ந்தால், டிரைவர் மயங்கிக் கிடந்தாலும், பலகை பேசும். சேறு படிந்து மறைந்திருந்தால் வண்டியை விடாதீர்கள். டிரைவரும் கிளீனரும் வண்டி ஓரத்தில் ஸ்டவ் வைத்துச் சமைப்பதை இந்த ஒரு லோடுக்காவது விடச் சொல்லுங்கள். சாப்பாட்டுப் படிக் காசு கூட்டிக் கொடுத்தால் கேட்பார்கள். மழை வலுத்தால் பள்ளமான இடத்தில் நிறுத்தக் கூடாது.

காலி டிரம்மைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் ஊரில் தண்ணீர் பிடித்து வைக்க டிரம்முக்கு எப்போதும் கிராக்கி. அடியில் ஒரு கைப்பிடித் தூள் ஒட்டியிருக்கும் டிரம்மை யாரோ வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போய்க் குழாயடியில் வைத்தால் என்ன ஆகும்? பழைய இரும்புக் கடையில் கேஸ் கட்டரால் அதை அறுத்தால் என்ன ஆகும்? காலி டிரம்மும் நிறைந்த டிரம்மும் உங்கள் கணக்கில் ஒன்றாகவே இருக்க வேண்டும். தயாரித்தவருக்கே திருப்பி அனுப்புங்கள். சிந்திய கல்லையும் அப்படியே. மாம்பழம் பழுக்கவைக்க இதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம் என்று தெரிந்தும், பையில் கட்டிக் கொண்டுபோக ஆள் வருவார்கள். 2025 தீபாவளிக்கு மத்தியப் பிரதேசத்தில் கார்பைடு துப்பாக்கி என்று குழாயில் இந்தக் கல்லைப் போட்டு விளையாடிப் பல குழந்தைகளின் கண் போனது. ஒரு துண்டுகூட உங்கள் வாசலைத் தாண்டக் கூடாது.

அடுத்த மாதம் வரும் சோடியம், யூஎன் 1428. கார்பைடு போலவே இதுவும் 4.3 வகை, அதாவது தண்ணீர் பட்டால் எரியும் கேஸைக் கிளப்பும் சரக்கு. தண்ணீர் பட்டால் இதிலிருந்து ஹைட்ரஜன் வரும், அந்தச் சூட்டிலேயே சோடியம் உருகிப் பெரும்பாலும் உடனே பற்றிக்கொள்ளும். எண்ணெயில் மூழ்கியோ, காற்றுப் புகாமல் நைட்ரஜன் நிரப்பியோ வரும். உங்கள் குடோனில் அதைத் திறக்கும் வேலையே இருக்கக் கூடாது, வந்தபடியே போக வேண்டும். எண்ணெய்க் கசிவு தெரிந்தால் இறக்காமல் அனுப்பியவரைக் கூப்பிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இதற்கு உதவாது, சோடியம் அதோடும் வினைபுரியும். சாதாரண ஏபிசி பொடியும் வேண்டாம். உலோகத் தீக்கென்றே உள்ள டி வகைப் பொடி, உலர்ந்த சோடா ஆஷ், இல்லையென்றால் நன்றாக உலர்ந்த உப்புத் தூள். உப்பு விளைகிற ஊர்க்காரர் நீங்கள், மகிழ்ச்சிதான். ஆனால் அளத்திலிருந்து வரும் கல்லுப்பை அப்படியே எடுக்காதீர்கள், அது மழைக்காலத்தில் கசியும். சுத்தம் செய்த தூள் உப்பை வறுத்துச் சூடு ஆறியதும் காற்றுப் புகாமல் அடைத்து வையுங்கள்.

கடைசியாக, மழையில் இறக்க மாட்டேன் என்று சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். சொல்லலாம் தம்பி, சொல்லியே ஆக வேண்டும். டிரம்மிலேயே "ஈரம் படாமல் வைக்கவும்" என்று அனுப்பியவர் எழுதியிருக்கிறார். நீங்கள் புதிதாக எதையும் கேட்கவில்லை. வாய்ச் சண்டையாக ஆக்காமல் பதிவேட்டில் எழுதுங்கள். தேதி, நேரம், "மழைச் சாரல், யூஎன் 1402 இறக்கம் நிறுத்தப்பட்டது", இருப்பில் உள்ள டிரம் எத்தனை, அதில் உப்பியது எத்தனை, துரு பிடித்தது எத்தனை, கேஸ் மீட்டர் காட்டிய அளவு, உங்கள் கையெழுத்து. முதலாளியிடமும் ஒரு கையெழுத்து வாங்குங்கள். கன்டெய்னர் ஒரு நாள் கூடுதலாக நின்றால் கட்ட வேண்டிய வாடகைக் கணக்கையும் அதே பக்கத்தில் குறித்து வையுங்கள். அவர் வியாபாரி, இரண்டு எண்களையும் ஒரே தாளில் பார்த்தால் அவருக்கே புரியும்.

மேஸ்திரியை விரோதித்துக்கொள்ள வேண்டாம். உளியை எடுக்கப் போகும் கை அவருடையதுதான். அவரையும் லோடுமேன்களையும் ஒரு நாள் காலை வாசலில் கூட்டி, மணல் வாளியில் ஒரு பிடி எடுத்துப் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பேச்சை அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

கம்பெனி ஆட்கள் வந்து அந்த டிரம்மை எடுத்துப் போனதும் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். அதுவரை இந்த நினைப்பாகவே இருப்பேன்.